ஊசி டெஸ்டுக்கும் ரிப்போர்ட்டுக்கும் நடுவில்

காவிரிக்கரை (திருச்சி):

சில வருடங்களாகத் தைராய்டு மாத்திரை போடுகிறேன். தைராய்டுக்கு ரத்தத்தில் பார்க்கும் டி.எஸ்.எச். அளவு எப்போதும் கட்டுக்குள்தான். இந்த முறை டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எச்சில் முழுங்குங்கம்மா" என்றார். இன்னொரு தடவையும் முழுங்கச் சொன்னார். அங்கேயே எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

ஸ்கேனில் வலது பக்கம் 1.8 செ.மீ. கட்டி, டைராட்ஸ் 4 என்று வந்தது. வாசல் பெஞ்சிலேயே கவரைப் பிரித்துப் படித்தேன். நாலு என்றதும் நாலாவது ஸ்டேஜ் என்றுதான் மனசு போனது. அது வேறு, இது வேறு. கட்டி ஸ்கேனில் எப்படித் தெரிகிறது என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை போடும் மார்க் இது. நாலு வந்து, கட்டி ஒன்றரை சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டால் ஊசி போட்டுப் பார்க்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். இதை ஸ்கேன் அறையில் யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் அன்றைய சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

எஃப்.என்.ஏ.சி. என்கிற அந்த ஊசி டெஸ்ட் பற்றிப் பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னார்கள். "இப்ப முழுங்கக் கூடாது, பேசக் கூடாது." ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. உள்ளே போய்ச் சில நொடிகள் முன்னும் பின்னும் அசைகிறது; வலி என்பதைவிட ஒரு அழுத்தம். கண்ணாடித் துண்டில் பீய்ச்சி, இன்னொரு கண்ணாடியால் தேய்த்து, ஒரு ஜாடிக்குள் போட்டார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எப்படி இருக்கு டாக்டர்?" என்றேன். "ஸ்லைடு பார்த்துதான்மா சொல்லணும்."

ஊசி போட்டது ஆயுதபூஜை லீவுக்கு முந்தின நாள். லேப் மூடிவிட்டது. வீட்டில் மிக்சிக்கும் ஸ்கூட்டிக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் கண்ணாடி முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அந்த இடமே வலிக்க ஆரம்பித்தது. வலித்ததும் 'வளர்கிறது' என்று முடிவு கட்டினேன். ராத்திரியில் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். தைராய்டு ஏறினாலும் இதே அறிகுறிதான், பயந்தாலும் இதே அறிகுறிதான். நார்மல் என்று ரத்த ரிப்போர்ட் பீரோவில் இருந்தும், எழுந்து உட்கார்ந்து நாடியை எண்ணியிருக்கிறேன். இவரோ நான் முகத்தைத் தொங்கப்போடும்போதெல்லாம் "ஒண்ணும் இருக்காதும்மா" என்பார். முதலில் அது ஒரு மணி நேரம் தாங்கியது. போகப்போகப் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. எதிர்வீட்டு அக்கா ஆறுதல் சொல்ல வந்து, தன் நாத்தனார் ஊரில் யாருக்கோ ஆனதை முழுசாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கொஞ்சம் கைகொடுத்தது ஒரு பழைய நோட்டு. பயம் வரும்போதெல்லாம் டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வியாக எழுதினேன். பரவுமா, குரல் போய்விடுமா, பையன் கல்லூரி முடிக்கிறவரை தாங்குமா... படித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே கேள்விதான். லீவு முடிந்ததும் ஹார்மோன் கோளாறுகளைப் பார்க்கும் எண்டோகிரைன் டாக்டரிடம் போய் அதையே கேட்டுவிட்டேன்: "நான் செத்துப் போயிடுவேனா?"

அவர் சிரிக்கவில்லை. "இதுல புற்றுநோய் இல்லாம போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியே இருந்தாலும் பெரும்பாலும் பாப்பிலரிங்கற மெதுவா வளர்ற வகைதான். ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வருஷத்துக்கு ஒரு தடவை என்னைப் பார்த்துட்டுப் போறவங்க நிறையப் பேர்" என்றார். பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஆறு கட்டம் போட்டார். ஊசி ரிப்போர்ட்டை ஆறாகப் பிரிக்கும் பெதஸ்டா முறையாம். ஒன்று வந்தால் செல் போதவில்லை, திரும்ப எடுக்கணும். இரண்டு, சாதாரணக் கட்டி. மூன்று, இப்படியும் சொல்ல முடியவில்லை அப்படியும் சொல்ல முடியவில்லை. நாலு, ஐந்தில் சந்தேகம் ஏறிக்கொண்டே போகும். ஆறு, புற்றுநோய். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே அடுத்து என்ன செய்வோம் என்று எழுதிக் கொடுத்தார். எந்த எண் வந்தாலும் மறுநாள் காலையில் என்ன வேலை என்று தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி தூங்கினேன்.

எனக்கு வந்தது மூன்று! சில மாதம் விட்டுத் திரும்ப ஊசி. இப்போது மறுபடியும் காத்திருப்பில் இருக்கிறேன். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தால் பையன்தான் திறக்க வேண்டும் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். மூன்று வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன்.

கோவைக்காரன்:

அக்கா, எனக்குத் தைராய்டு இல்லை, ஆனால் அதே கூத்துதான். ஆஃபர் விலையில் ஃபுல் பாடி செக்கப் எடுத்தேன். அதில் ட்யூமர் மார்க்கரும் சேர்த்தி, அதாவது புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய சில பொருட்களின் அளவு. ராத்திரி பதினோரு மணிக்கு பிடிஎஃப் வருகிறது. அதில் ஒரு மார்க்கரான சி.இ.ஏ. என்ற வரிக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு 'எச்', அதாவது அளவு அதிகம். கடைசிப் பக்கத்தில் 'மருத்துவரை அணுகவும்'. அந்த நேரத்துக்கு எந்த மருத்துவரை அணுகுவது?

மறுநாள் போனால் டாக்டர் முதலில் கேட்டது, "யார் இந்த டெஸ்ட் எழுதிக் கொடுத்தா?" இரண்டாவது கேட்டது, "சிகரெட் பிடிப்பீங்களா?" பிடிப்பேன். சி.இ.ஏ. புகைபிடிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஏறியே இருக்குமாம். புற்றுநோய் வந்தவர்களுக்கு வைத்தியம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் அது முக்கியமாக உதவும். நன்றாக இருப்பவரிடம் புற்றுநோயைத் தேடிக் கண்டுபிடிக்க அல்ல. என் மனைவிக்கும் அதே பேக்கேஜில் சி.ஏ.125 என்ற இன்னொரு மார்க்கர் எடுத்திருந்தார்கள். மாதவிலக்கு நாளில் எடுத்தால் அதுவும் ஏறுமாம். இதையெல்லாம் விற்கும்போது ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

தென் கொரியக் கதை தெரியுமா? 1999-ல் அங்கே அரசாங்கம் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிகளில் கொஞ்சம் பணம் கூடக் கொடுத்தால் கழுத்து ஸ்கேனும் சேர்த்து எடுத்தார்கள். விளைவு, 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு. அதனால் இறந்தவர்கள் விகிதம் மட்டும் அப்படியே இருந்தது. தேடத் தேடக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கு டாக்டரே கையால் தொட்டுப் பார்த்து எழுதியது, அது வேறு. ஆஃபரைப் பார்த்து ஓடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு அடுத்து, பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி வரை போய், எதுவும் இல்லை என்று வந்தது. முந்தின நாள் குடிக்கச் சொன்ன அந்தப் பேதி மருந்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போது வேண்டாம்.

லேப் டெக்னீஷியன் (மதுரை):

பதினைந்து வருஷமாக இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். "லேட் ஆகுதே, ஏதோ மோசம்னுதானே?" என்று கேட்டுத் தினமும் போன் வரும். இல்லை. ஊசி சாம்பிளுக்காவது ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றி, டாக்டர் பார்த்தால் போதும். ஆபரேஷனில் எடுத்த சதை என்றால் ஃபார்மலினில் ஊற வேண்டும், மெழுகில் பதிக்க வேண்டும், அப்பளத்தைவிட எத்தனையோ மடங்கு மெல்லிசாகச் சீவ வேண்டும். எலும்பு கலந்திருந்தால் அதைக் கரைக்கவே நாள் பிடிக்கும். லீவு, மெஷின் ரிப்பேர், பெரிய டாக்டரிடம் இரண்டாவது கருத்து, இப்படி எத்தனையோ காரணம். தாமதத்தை வைத்து ஜோசியம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைராய்டு டெஸ்டுக்கு முன்னால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில மெஷின்களில் அது டி.எஸ்.எச்.-ஐக் குறைத்துக் காட்டும். இல்லாத வியாதியை நினைத்து வீடே அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

நெல்லை:

எனக்கு ஆறு வந்தது. பாப்பிலரி. தைராய்டு முழுக்க எடுத்தாச்சு. இப்போது மாத்திரையும் செக்கப்பும்தான், வேலைக்கும் போகிறேன். பயமுறுத்த எழுதவில்லை, ஆறு வந்தவர்களும் இங்கே இருக்கிறோம் என்று சொல்லத்தான்.

காத்திருந்தபோது எல்லாரும் "ஒண்ணும் இருக்காது" என்றார்கள். என் தங்கச்சி மட்டும், "இருந்தா பாத்துக்கிடலாம், நான் லீவு போட்டுட்டு வாரேன்" என்றாள். எனக்கு ஒட்டியது அதுதான். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஆபரேஷனுக்கு அப்புறம் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு வந்தது. பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டால், ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருக்கிறது என்று மருந்து கொடுத்தார்கள், சரியானது. யாருக்காவது முழுசாக எடுக்கிற நிலை வந்தால் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், உடனே சொல்லிவிடலாம். பாப்பிலரி கட்டி சின்னதாக, ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஆபரேஷனே பண்ணாமல் ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்கும் வழியும் உண்டு. ஜப்பானில் கோபே நகரத்துக் குமா ஆஸ்பத்திரியில் 1993-லிருந்தே அப்படிச் செய்கிறார்கள். என்னுடையது பெரிசு, அதனால் எடுத்தார்கள்.

திருச்சி அக்கா, திரும்ப ஊசி போடப் போகும்போது பழைய ஸ்லைடைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது. வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கணும் என்றால் அவர் கண்ணால் பார்க்க ஸ்லைடுதான் வேண்டும். எழுதிக் கொடுத்தால் தருவார்கள்.