மலைத்தடங்களில் ஓட்ட டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

ஒற்றையடிப்பாதை எழுதியது:

நான்கு ஆண்டுகளாக ஹோண்டா சிஆர்எஃப் 250எஃப் வண்டியைக் காட்டுத் தடங்களிலும் பாறை ஏற்றங்களிலும் ஓட்டி வருகிறேன். வண்டியின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் என் தோளிலும் முழங்காலிலும்தான் இருக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் பாதி வழியில் எஞ்சின் நின்றுபோனால், 120 கிலோ எடையைச் சரிவில் பிடித்துத் திருப்பி மறுபடியும் கீழிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் நான்கைந்து முறை இப்படி நேர்ந்தால் மாலையில் கிளட்ச் பிடிக்க விரலில் வலு இருப்பதில்லை.

உடன் வருபவர்களில் பாதிப் பேர் டூ ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டார்கள்; நானும் மாற வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். யமஹா ஒய்இசட் 250எக்ஸ் டூ ஸ்ட்ரோக், 300 சிசி டூ ஸ்ட்ரோக் எண்டியூரோ (கரடுமுரடான தடங்களில் நீண்ட தூரம் ஓட்டும் வகை) வண்டி ஏதேனும் ஒன்று, அல்லது ஃபோர் ஸ்ட்ரோக்கிலேயே இலகுவான டபிள்யூஆர் 250எஃப் ஆகிய மூன்றில் ஒன்றை எடுக்கலாம் என்று எண்ணுகிறேன். ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் டூ ஸ்ட்ரோக் சீறிப் பாயும் என்ற பேச்சு இன்றைய வண்டிகளுக்கும் பொருந்துமா, பராமரிப்பில் உண்மையில் எது எளிது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். என் பயணங்களில் ஏறத்தாழ பாதி குறுகலான பாறைப் பாதை. மீதி நீண்ட மண் தடம்.

கிளட்ச்விரல் எழுதியது:

முதலில் ஒரு செய்தியைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். உங்களிடம் இருப்பது நிதானமாகத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட, காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட வண்டி. நீங்கள் பட்டியலிட்ட மூன்றும் பந்தய வண்டிகளின் வழிவந்தவை. ஆகவே நீங்கள் உணரப்போகும் மாற்றத்தில் பெரும்பகுதி ஸ்ட்ரோக்கால் வருவது அல்ல. சஸ்பென்ஷன், சட்டம், எடை ஆகியவற்றால் வருவது. நண்பருடைய டூ ஸ்ட்ரோக்கை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, கிடைத்த வேறுபாடு முழுவதையும் எஞ்சினின் கணக்கில் எழுதுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எடையைப் பொறுத்தவரை, எரிபொருள் நிரப்பிய நிலையில் ஒய்இசட் 250எக்ஸ் ஏறத்தாழ 104 கிலோ. டபிள்யூஆர் 250எஃப் 115 கிலோ. காகிதத்தில் 11 கிலோதான். ஆனால் ஓட்டும்போது அது அதைவிடக் கூடுதலாகத் தெரியும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கேம், வால்வு, சங்கிலி எல்லாம் எஞ்சினின் உச்சியில் உட்கார்ந்திருக்கின்றன. டூ ஸ்ட்ரோக்கின் தலையில் இருப்பது ஒரு ஸ்பார்க் பிளக் மட்டுமே; அசையும் பொருள் எதுவும் இல்லை. வண்டியை இடமிருந்து வலமாகச் சாய்க்கும்போது அந்த மேல்சுமையின் இன்மையைக் கை உடனே அறிந்துகொள்ளும்.

சீறிப் பாய்வது குறித்து: 125 சிசி டூ ஸ்ட்ரோக் இன்றும் அப்படித்தான், கீழ் வேகத்தில் உயிரில்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று விழித்துக்கொள்ளும். 250, 300 சிசியில் பவர் வால்வு அந்தக் குணத்தைப் பெரிதும் அடக்கிவிட்டது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் துளையின் உயரத்தைக் குறைத்தும், வேகம் ஏறியதும் அதைத் திறந்தும் வைப்பதே அதன் வேலை. நன்றாகச் சீரமைத்த 300 சிசி வண்டியை மூன்றாம் கியரில், ஒரு விரலைக் கிளட்ச் மீது வைத்தபடி, நடக்கும் வேகத்தில் பாறைகளுக்கு இடையே நகர்த்திக்கொண்டு போகலாம். ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் மலையில் நடக்கும் கடும் எண்டியூரோப் பந்தயத்தை கிரஹாம் ஜார்விஸ் ஐந்து முறை வென்றதும் டூ ஸ்ட்ரோக்கில்தான். அவர் வேகத்தால் வென்றார் என்பதைவிட, எஞ்சினை அணையவிடாமல் ஊர்ந்து ஏறியதால் வென்றார் என்று சொல்வதே பொருத்தம்.

இன்னொன்று, சிசியைச் சிசியோடு ஒப்பிட வேண்டாம். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை எரிகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். மண் தளப் பந்தயமான மோட்டோகிராஸின் விதிகளே நெடுங்காலம் 250 சிசி டூ ஸ்ட்ரோக்கை 450 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கோடுதான் நிறுத்தின. எனவே நீங்கள் எண்ணும் 300 சிசி, டபிள்யூஆர் 250எஃப் வண்டியின் இணை அல்ல, அதன் அண்ணன்.

பட்டறைவாசி எழுதியது:

பராமரிப்பைப் பற்றிக் கேட்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதில்தான் இரு தரப்பினரும் பாதி உண்மையைப் பேசுகிறார்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனும் ரிங்கும் தேயும் பொருட்கள். அவற்றை மணிக்கணக்கு வைத்து மாற்ற வேண்டும். ஆனால் அதற்காக எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை. தலையையும் சிலிண்டரையும் கழற்றி, பிஸ்டன், ரிங், பின், கேஸ்கெட் மாற்றி மூடுவதைப் பொறுமையுள்ள ஒருவர் வீட்டிலேயே ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். பவர் வால்வில் படியும் கரியைத் துடைப்பதை மட்டும் மறக்கக் கூடாது. கரி பிடித்து வால்வு இறுகிப்போன பின் "வண்டிக்கு வயதாகிவிட்டது" என்று வருந்துபவர்கள் உண்டு. துடைத்ததும் அந்த வயது திரும்பிப் போய்விடும்.

பந்தய வகை ஃபோர் ஸ்ட்ரோக்கில் நாள்தோறும் செய்ய வேண்டியது குறைவு. தவறவிட்டால் விளையும் சேதம் பெரிது. எஞ்சினில் இருப்பது ஒரு லிட்டரை ஒட்டிய ஆயில்தான். அதே ஆயில் கிளட்சுக்கும் கியருக்கும் சேர்த்து உழைக்கிறது. ஆகவே அதை அடிக்கடி மாற்ற வேண்டும். வால்வு இடைவெளியை அளந்துகொண்டே இருக்க வேண்டும். இடைவெளி இறுகிக்கொண்டே வந்தால் வால்வின் முகம் தேய்கிறது என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் காலையில் உயிர்பெற மறுப்பதே அதன் முதல் அறிகுறி. அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டி, வால்வு ஒடிந்து உள்ளே விழுந்தால் தலை, பிஸ்டன், சிலிண்டர் மூன்றும் ஒன்றாகப் போகும். உங்கள் சிஆர்எஃப் 250எஃப் வகை வண்டிகளோ இந்தக் கணக்கில் சேராதவை. அவை குறைந்த வேகத்தில் சுழல்பவை; ஆயிலையும் வடிகட்டியையும் ஒழுங்காகக் கவனித்தால் ஆண்டுக்கணக்கில் எஞ்சினைத் திறக்க வேண்டியிருக்காது. அந்த நிம்மதியை விட்டுக்கொடுத்துத்தான் இலகுவான வண்டியை வாங்குகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஓடையில் வண்டி மூழ்கினால் இரண்டிலும் செய்யக் கூடாதது ஒன்றே: தண்ணீர் உள்ளே இருக்கும்போது ஸ்டார்ட் செய்யக் கூடாது. டூ ஸ்ட்ரோக் என்றால் பிளக்கைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகச் சாய்த்து, நீரை வடித்து, காற்று வடிகட்டியைப் பிழிந்துவிட்டு அங்கிருந்தே புறப்படலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் நீர் ஆயிலோடு கலந்துவிட்டால் ஆயில் பாலைப் போல வெளுத்துவிடும். அதை மாற்றாமல் ஓட்டிவருவது பேரிங்குகளைத் தேய்த்துக்கொண்டு வருவதாகும்.

நிதானம் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். ஈரமான வேர், களிமண் ஏற்றம், உதிரிக் கற்கள் ஆகியவற்றில் ஃபோர் ஸ்ட்ரோக்கின் பின்சக்கரம் தரையைப் பிடிக்கும் விதம் தனி. உந்துதல்களுக்கு இடையே கிடைக்கும் இடைவெளியில் டயர் மீண்டும் பிடித்துக்கொள்கிறது என்பார்கள். காரணம் எதுவாயினும், உட்கார்ந்தபடி ஆக்ஸிலரேட்டரைச் சீராக வைத்தே ஏறிவிட முடிகிறது. டூ ஸ்ட்ரோக்கில் அதே ஏற்றத்துக்குக் கிளட்சையும் உடலையும் கூடுதலாகப் பயன்படுத்த வேண்டும். களைப்பைக் குறைக்க மாறுகிறேன் என்பவர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எஞ்சின் அணைவதுதான் முதன்மையான தொல்லை என்றால், ரெக்லஸ் போன்ற தானியங்கிக் கிளட்ச் ஒன்றைப் பொருத்தினாலே ஃபோர் ஸ்ட்ரோக்கும் அணையாது. அந்தச் செலவு புதிய வண்டியின் செலவு அல்ல.

ஒற்றையடிப்பாதை எழுதியது:

மூவருக்கும் நன்றி. தானியங்கிக் கிளட்சைப் பற்றி நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. ஆனால் வண்டியைத் தூக்கி நிறுத்தும் வேலையை அது குறைக்காது என்பதால் என் மனம் இன்னும் டூ ஸ்ட்ரோக்கின் பக்கமே சாய்கிறது. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலில் ஆயில் கலப்பது எவ்வளவு தொல்லை? எங்கள் தடங்களில் நீண்ட இறக்கங்கள் உண்டு; அவற்றில், ஆக்ஸிலரேட்டரை மூடியதும் எஞ்சினே வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக் இல்லாமல் எப்படி இறங்குகிறீர்கள்?

பட்டறைவாசி எழுதியது:

கலப்பது பழகிவிட்டால் தொல்லையே அல்ல. 9 லிட்டர் பெட்ரோலுக்கு, பெட்ரோல்-ஆயில் விகிதம் 60:1 என்றால் 150 மில்லி ஆயில், 40:1 என்றால் 225 மில்லி, ஒய்இசட் 250எக்ஸ் வண்டிக்குச் சொல்லப்படும் 30:1 என்றால் 300 மில்லி. அளவு குறித்த சிறு புட்டி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் வழியில் எரிபொருள் நிரப்பும்போது திண்டாட வேண்டாம். விகிதத்தை நீங்களாகக் கூட்டிக் குறைக்காமல் கையேட்டின்படி செல்லுங்கள். கேடிஎம் நிறுவனம் 2018 மாடல் முதல் 250, 300 சிசி எண்டியூரோ வண்டிகளில் எரிபொருளைத் தெளித்துச் செலுத்தும் ஃபியூவல் இன்ஜெக்ஷனையும் தனி ஆயில் தொட்டியையும் கொண்டுவந்தது; அவற்றில் கலக்கும் வேலையே இல்லை. உயரமான இடத்தில் காற்று மெலிவதற்கு ஏற்ப, கார்புரேட்டரில் எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றும் வேலையும் அவற்றில் இல்லை. ஒய்இசட் 250எக்ஸ் கார்புரேட்டரோடும் கிக் ஸ்டார்ட்டோடும் மட்டுமே வருகிறது. சரிவில் ஒற்றைக் காலில் நின்று உதைக்க வேண்டியிருக்கும் என்பதால் உங்கள் முழங்காலுக்கு இது சிறிய செய்தி அல்ல.

இறக்கம்தான் உண்மையான கேள்வி. கலந்த எரிபொருளில் ஓடும் வண்டியில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது. நீண்ட இறக்கத்தில் கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மூடி, எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டால், பிஸ்டனுக்குத் தேவையான ஆயில் கிடைக்காமல் அது சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். ஆகவே அவ்வப்போது கிளட்சைப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை ஓரிரு முறை சற்றே திருகி விடுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்துவதைப் பிரேக்குகளிடம் ஒப்படையுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சினே பாதி வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பழகியவருக்கு டூ ஸ்ட்ரோக்கின் முதல் இறக்கம், பிரேக் போனதைப் போலவே இருக்கும். பின் பிரேக் எளிதில் சூடேறும் என்பதால் முன் பிரேக்கை மெல்ல அழுத்தப் பழகுங்கள். பிரேக் திரவத்தைப் புதிதாக வைத்திருங்கள்.

கிளட்ச்விரல் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று மட்டும். டூ ஸ்ட்ரோக் எடுத்தால் முதல் நாளே புகைக்குழலின் வயிற்றுக்கு ஒரு காப்பு மாட்டிவிடுங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் பருத்து நிற்கும் அந்தக் குழாயின் வடிவம்தான் வெளியேறப் பார்க்கும் புதிய எரிபொருளைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. பாறையில் மோதி அது நசுங்கினால் எஞ்சினின் குணமே மாறிவிடும். உங்கள் முழங்காலையும் நீண்ட இறக்கங்களையும் வைத்துப் பார்த்தால், செல்ஃப் ஸ்டார்ட்டும் தனி ஆயில் தொட்டியும் உள்ள 300 சிசி வண்டியைத்தான் நான் எடுப்பேன். மண் தடங்களில் அது உங்கள் பழைய வண்டியைவிடக் கூடுதலாகக் குடிக்கும். எரிபொருள் கணக்கை அதற்கேற்பப் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் சிஆர்எஃப் வண்டியை உடனே விற்காமல் ஒரு பருவம் வைத்திருங்கள்.