எந்த இடைவெளி? ஸ்பாக் பிளக்கின் முனை இடைவெளிக்கு ஒரு சொல் வேண்டும், திங்களுக்கு முன்

கிளிநொச்சி, பாடக்குறிப்பு எழுதுபவர்:

வணக்கம். மாலை நேர மோட்டார் திருத்தல் வகுப்புக்கு இரண்டு பக்கக் குறிப்பு, திங்கள் காலை போட்டோக்கொப்பிக்குப் போகவேண்டும். தலைப்பு, கனதூரம் ஓடின காருக்கு பிளக் (எஞ்சினுக்குள் தீப்பொறி கொடுக்கும் ஸ்பாக் பிளக்) மாற்றுதல். போனமுறை இப்படி எழுதிக் கொடுத்தேன்: "நிக்கல் முனை பிளக்கின் இடைவெளி 40,000 கிலோமீற்றர். இடைவெளி 1.1 மில்லிமீற்றர். பூட்டமுன் இடைவெளியைப் பார்க்கவும்." ஒரு பெடியன் எழும்பி, "எந்த இடைவெளியைப் பாக்கிறது, சேர்?" என்றான். வகுப்பே சிரித்தது. பிழை என்னுடையதுதான். அடுத்த பக்கத்தில் வால்வுக்கும் இடைவெளி என்றே எழுதியிருக்கிறேன். இரண்டு முனைக்கும் நடுவில் இருப்பதற்குத் தனிச்சொல் தாருங்கள்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கிலோமீற்றர்க் கணக்கைத் 'தவணை' என்று போடுங்கள், அது தீர்ந்தது. ஆனால் பிளக் என்று ஏன் எழுதினீர்கள்? 'பொறிச்செருகி' இருக்கிறதே. செருகி என்றால் செருகுபவன் அல்லவா என்று முன்பு ஒருவர் இங்கே கேட்டார். இகர விகுதி செய்பவர், செய்யப்படுவது, கருவி என்ற மூன்று பொருளிலும் வரும்: சேர்ந்தாரைக்கொல்லி, ஊருணி, மண்வெட்டி. ஊரால் உண்ணப்படுவது ஊருணி என்றால் செருகப்படுவது செருகி. தொல்லை 'பொறி'யில்தான். விஞ்ஞானப் புத்தகத்தில் எளிய பொறி என்றால் நெம்புகோல். எலிக்கும் பொறி. 'பொறிவாயில் ஐந்து' என்னும்போது கண், செவி போன்ற உறுப்பு. 618ஆம் குறளிலோ ஊழ். ஒரு சொல்லுக்கு இவ்வளவு சுமை.

ரொறன்ரோ, ஊர் புதுக்குடியிருப்பு:

ஐயா, 'தீப்பொறிச் செருகி' என்றால் ஒரு குழப்பமும் இல்லை. சமாதான காலத்தில் கிளிநொச்சியில் பேக்கரிப் பலகைகள் வெதுப்பகம் ஆகவில்லையா? மோட்டார் சைக்கிளை உந்துருளி என்று எழுதவில்லையா? பிளக் என்றே எழுதுவதானால் இந்தக் கலைச்சொல் குழு எதற்கு?

மாங்குளம், கராஜ்:

அண்ணை, வெதுப்பகம் பலகையில இருந்தது. நாங்கள் பாண் வாங்கினது பேக்கரியில. பொறி வேண்டாம். மறைச்சு வைச்ச பொறிவெடி எண்டு எச்சரிக்கை கேட்டு வளந்த பெடியள் இவங்கள். பிளக் எண்டே விடுங்கோ.

அந்த முனை இடைவெளிக்கு நாங்கள் சொல்லுறது கேப். 2002இல ஏ9 றோட்டு திறக்கும்வரை மண்ணெண்ணெயில ஓடின ஒஸ்ரின், மொறிஸ் காருகள் நினைவிருக்கும். ஸ்ராட் பண்ண மட்டும் நாலு துளி பெற்றோல். கரி பிடிக்கப் பிடிக்க பிளக்கைக் கழட்டி, கம்பி பிரசால உரஞ்சி, இரும்பு அறுக்கிற அக்சோ பிளேட்டை நுழைச்சு வெளி முனையைத் தட்டிறது. பிளேட் தடிப்பு 0.6 சொச்சம், அந்த எஞ்சினுக்குக் காணும். இப்பவும் சிலர் அதே பிளேட்டோட நிக்கிறாங்கள், காரோ 1.1 கேக்குது. என்ஜிகே கொம்பனி பிளக் இலக்கத்தின்ர கடைசியில 11 எண்டு கிடந்தா அது 1.1தான். பழைய பிளக்கில முனை தேஞ்சு கேப் அகண்டிருக்கும், பிளக்குக்கு மின்சாரம் குடுக்கிற கொயிலுக்குப் பாரம், இழுக்கேக்க ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கும். இரிடியம் பிளக் எண்டா நடு முனை ஊசி மாதிரி. கேப் அளக்கிற காசு வடிவ கேஜால நெம்பினா ஒடிஞ்சிடும். அளவைப் பாக்கலாம், நடு முனையில கை வைக்கக்கூடாது. சொல்லை நீங்கள் பாருங்கோ, இதைக் கட்டாயம் எழுதுங்கோ.

வவுனியா:

தம்பி நல்ல இடத்துக்கு வந்துவிட்டார். வேலியில் ஆள் கடக்க விட்ட இடம் கடவை. பொறி கடக்கும் இடமும் கடவைதானே? கட என்னும் அடியிலிருந்து கடவு, கடத்தல், கடவுள், ஏன், கடலையும் கொண்டுவரலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். தனிமடலில் விரிவாக எழுதுகிறேன்.

கிளிநொச்சி:

ஐயா, கடவை என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் புகையிரதக் கடவை. மறித்துக் கேற் போட்டுவிடுவார்கள்.

ரொறன்ரோ:

அப்படியானால் பொட்டு? வேலிப்பொட்டு?

மாங்குளம்:

அது நாய் பூருற பொட்டு.

மல்லாவி, கணித ஆசிரியை:

'நீக்கல்' எப்படி? கதவு நீக்கலாய்க் கிடக்குது என்கிறோம். பொட்டு அடைக்கிறது, நீக்கல் கூட்டிக் குறைக்கிறது. நீக்கல் 1.1, நீக்கல் வைத்தல். வினையும் சேர்ந்தே வருகிறது, புதிதாக ஒன்றும் படிக்க வேண்டாம்.

வவுனியா:

அழகு. ஆனால் "பிளக் நீக்கல்" என்று அச்சடித்தால் பிளக்கைக் கழற்று என்று பொருள். "முனை நீக்கல்" இன்னும் மோசம், குறடை எடுத்துவிடுவான்.

மல்லாவி:

சொல்லிக் கொடுக்கிறவர் எதற்கு இருக்கிறார், சேர்? கழித்தலும் குறைத்தலும் ஒன்றென்று நினைக்கிற பிள்ளைக்கும் நான் படிப்பிக்கிறேன்.

கிளிநொச்சி:

ஞாயிறு இரவு பதினொன்றரை. முடிவாக அடிக்கிறேன்: கிலோமீற்றருக்குத் 'தவணை', வால்வுக்கு 'வால்வு இடைவெளி', பிளக்குக்கு 'முனையிடை', முதல் தடவை மட்டும் பக்கத்தில் 'கேப்'. வேலைக்கு 'முனையிடை வைத்தல்'. ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள், இப்போதைக்கு ஆதரவு நான் ஒருவன்.

ரொறன்ரோ:

முனையிடை சம்மதம். 'பிளக்'குக்கு என் மறுப்பு தொடர்கிறது.

மாங்குளம்:

முனையிடையோ என்னவோ, கழட்டமுன் பிளக் குழியைக் காத்தடிச்சு ஊதச் சொல்லி உங்கட குறிப்பில இல்லை. இஞ்சத்தைச் செம்மண் முழுக்க உள்ள கொட்டும். எஞ்சின் ஆறினாப்பிறகு கழட்டோணும், அலுமினிய ஹெட்டில சூட்டோட திருப்பினா புரி போயிடும். புதுசை ஒரு துண்டு பெற்றோல் ஹோசில செருகி விரலால ஏத்தச் சொல்லுங்கோ, சரியாப் புரி பிடிக்காட்டி ஹோஸ் தானா வழுக்கும்.

மல்லாவி:

முனையிடை என்று எழுதுங்கள். வகுப்பில் நான் நீக்கல் என்றுதான் சொல்லுவேன்.