ஆயில் ஊற்றாமலே அளவு ஏறுகிறது, வண்டியும் இழுக்கவில்லை: 2.6 லிட்டர் டீசல் வேன், உதவி தேவை

தக்கலை வேன்காரன்:

அனைவருக்கும் வணக்கம். தக்கலையில் பள்ளிக்குழந்தைகளுக்கு வேன் ஓட்டுகிறேன். 2021 மாடல், பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த வண்டி. நான்கு சிலிண்டர், 2.6 லிட்டர், காமன் ரெயில், டர்போ உண்டு. 115 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. இதுவரை 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. ஒரு நடைக்கு ஒன்பது கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் பதினான்கு இடங்களில் நிறுத்த வேண்டும்.

மூன்று வாரங்களுக்கு முன் டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு எரிந்தது. இரண்டு நாளில் தானாகவே அணைந்ததால் விட்டுவிட்டேன். போன வாரம் மறுபடி எரிந்தது, கூடவே என்ஜின் விளக்கும் வந்தது. இப்போது குமாரகோவில் பக்கம் ஒரு சின்ன ஏற்றத்தில்கூட இரண்டாம் கியரில் 2,500 சுற்றைத் தாண்ட மறுக்கிறது.

இதைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது வேறொன்று. ஆயில் மாற்றி 4,000 கிலோமீட்டர்தான் ஆகிறது. ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியின் மேல்கோட்டில் நிறுத்தி ஊற்றியதை நானே பார்த்தேன். இன்று காலை வண்டியை எடுப்பதற்கு முன் கேஜ் கம்பியை உருவிப் பார்த்தால், மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. ஒரு துளிகூட நான் சேர்க்கவில்லை. அப்பா 22 வருடம் பழைய டெம்போ ஓட்டியவர். ஆயில் குறைந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். கூடினால் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

நாளை திங்கட்கிழமை. பிள்ளைகளை ஏற்றலாமா?

முட்டம் மீன்வண்டி:

தம்பி, முதலில் கூலண்ட் அளவைப் பாருங்கள். ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போனால் தண்ணீர் ஆயிலில் இறங்கும், அளவு ஏறும். ஆயில் மூடியின் அடிப்பக்கம் மோர் போல வெளுத்திருந்தால் அதுதான்.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். கடற்கரை ஓரம் ஓடும் வண்டிகளில் சென்சார் கனெக்டர் பச்சை பூத்துவிடும். என் வண்டியில் டிபிஎஃப் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் பின் அப்படி அரித்துப்போய் இரண்டு மாதம் விளக்கு எரிந்தது. உப்புக்காற்று யாரையும் விடாது.

கோட்டார் சரக்கு:

எதற்கு இத்தனை பாடு? டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்து, கம்ப்யூட்டரிலும் அதை அணைத்துத் தருகிறார்கள். எனக்குத் தெரிந்து மூன்று வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. மைலேஜும் கூடும்.

மார்த்தாண்டம் பட்டறை:

கோட்டார் அண்ணாச்சி, நீங்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் இதை நான் எதிர்த்தே ஆக வேண்டும். இது பள்ளி வேன். வடிகட்டியை எடுத்தால் அந்தக் கரி முழுவதும் நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளைகளின் மூக்குக்குத்தான் போகும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி தவறு, எஃப்சியிலும் மாட்டும். அதோடு, வடிகட்டி அடைத்தது நோயின் அடையாளம்தான். அடையாளத்தை அறுத்து எறிந்துவிட்டால் நோய் உள்ளேயே இருந்து வேறு எங்காவது வெடிக்கும்.

தக்கலைத் தம்பி, நாளை அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இரண்டு நாளைக்கு வேறு வண்டி பிடியுங்கள். ஆயில் இப்படிக் கூடிய வண்டியை வேலைக்கு எடுக்கவே கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்.

கேஜ் கம்பியை உருவி ஒரு துளி ஆயிலைச் செய்தித்தாளில் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கம்பியை மூக்கருகே கொண்டுபோய் என்ன வாடை என்று சொல்லுங்கள். மூன்றாவதுதான் முக்கியமானது: வண்டி முழு நடை ஓடி முடிக்கும்போது வெப்பமுள் எங்கே நிற்கிறது?

தக்கலை வேன்காரன்:

அண்ணன், சொன்னபடி செய்தேன். கூலண்ட் குறையவில்லை, மூடியில் வெண்மையும் இல்லை. செய்தித்தாளில் துளி விழுந்த இடம் கறுப்பாக இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு வெளிர்மஞ்சள் வளையம் உள்ளங்கை அகலத்துக்குப் பரவி, அடுத்த பக்கத்துக்கும் ஊறிவிட்டது. கம்பியில் டீசல் வாடைதான், சந்தேகமே இல்லை. கம்பி நுனியிலிருந்து ஆயில் நூலாக இழுபடாமல் தண்ணீர் போலச் சொட்டுகிறது.

வெப்பமுள் கால்வாசிக்குமேல் ஏறுவதே இல்லை. அதை நான் நல்லது என்று நினைத்திருந்தேன். போன வருடம் ஏப்ரலில் குலசேகரம் போய்விட்டு வரும்போது வண்டி ஒருமுறை கொதித்தது. வழியில் ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) சிக்கிக்கொண்டது என்று சொல்லிக் கழற்றிவிட்டார்கள். நம் ஊர் சூட்டுக்கு அது தேவையே இல்லை என்றும் சொன்னார்கள். புதியது போடவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் கொதித்ததில்லை.

மார்த்தாண்டம் பட்டறை:

தம்பி, தெர்மோஸ்டாட் இல்லாததுதான் உங்கள் நோய். ஆயிலில் டீசல் கலந்துவிட்டது என்பதைத்தான் அந்த வளையமும் வாடையும் காட்டுகின்றன.

வடிகட்டியின் உள்ளே இருப்பது பீங்கானால் ஆன தேன்கூடு. ஒவ்வொரு கண்ணும் ஒரு முனையில் அடைத்திருக்கும். புகை சுவரின் நுண்துளை வழியாக வெளியே போகும், கரி உள்ளேயே தங்கும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். உங்கள் ஒன்பது கிலோமீட்டர் நடையில் அந்தச் சூடு தானாக வராது. ஆகவே கம்ப்யூட்டர் ஒரு வேலை செய்கிறது. பிஸ்டன் கீழே இறங்கிய பிறகு இன்ஜெக்டர் வழியாகக் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கிறது. அது புகையோடு போய் எரிந்து வடிகட்டியைச் சூடாக்க வேண்டும் என்பது திட்டம். தாமதமாகத் தெளித்ததில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, ரிங்கைத் தாண்டி ஆயில் தொட்டிக்குள் இறங்கும். எரிப்பு முழுதாக முடிந்தால் இறங்குவது கொஞ்சம்தான், ஆயில் சூடாகும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகியும் போகும்.

உங்கள் என்ஜினில் தெர்மோஸ்டாட் இல்லை. தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, என்ஜின் சூடேறுவதே இல்லை. எரிப்பு தொடங்கினாலும் முடிவதில்லை. நீங்கள் பள்ளி வாசலில் சாவியைத் திருப்புகிறீர்கள், அது பாதியில் நிற்கிறது. அடுத்த நடையில் மறுபடி முயல்கிறது, மறுபடி டீசல் இறங்குகிறது. ஆயில் குளிர்ச்சியாகவே இருப்பதால் ஆவியாகவும் வழியில்லை. ஒரு விரற்கடை அப்படித்தான் சேர்ந்தது. என்ஜின் குளிர்ச்சியாக ஓடினால் கரியும் அதிகமாக வரும், புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வும் பிசுபிசுத்துப் போகும்.

இனி ஆபத்தைச் சொல்கிறேன். டீசல் கலந்த ஆயிலுக்கு வழவழப்பு குறைந்துவிடும். டர்போ தண்டும் கிராங்க் பேரிங்கும் முதலில் அடிவாங்கும். அளவு இன்னும் ஏறினால் ஆயில் ஆவி, அதை வெளியேற்றும் பிரீத்தர் குழாய் வழியாகக் காற்று வழிக்குள் போய், என்ஜின் அதையே எரிபொருளாகக் குடித்து ஓட ஆரம்பிக்கும். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஒரு வண்டி ஓலமிட்டு வெடித்ததைப் பட்டறை வாசலில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஏற்றாதீர்கள் என்றேன்.

நாகர்கோவில் பழைய ஓட்டுநர்:

தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் வழக்கம் எங்கள் காலத்திலிருந்து வந்தது. அன்றைய டெம்போ டிராவலரில் இருந்தது பென்ஸ் ஓஎம்616 வடிவ என்ஜின். 2.4 லிட்டர், டர்போ கிடையாது, முன் எரிப்பறையில் டீசல் தெளிக்கும் பம்ப் வண்டி. கம்ப்யூட்டரும் இல்லை, வடிகட்டியும் இல்லை. குளிர்ச்சியாக ஓடினால் கொஞ்சம் அதிகமாகப் புகைக்கும், கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும், அவ்வளவுதான். வடசேரி ஸ்டாண்டில் நின்ற வண்டிகளில் பாதிக்குத் தெர்மோஸ்டாட் இருந்திருக்காது. அன்று அது குற்றமாகத் தெரியவில்லை. அதே பழக்கத்தை, பிஎஸ்-6 விதி வந்த 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டியில் செய்தால் இப்படித்தான் ஆகும். தம்பியின் அப்பா மேல் தவறில்லை, அவர் ஓட்டியது வேறு யுகத்து வண்டி.

திங்கள்சந்தை டெம்போ:

யூரியா ஊற்றினால் கரி போகாதா?

மார்த்தாண்டம் பட்டறை:

போகாது. 32.5 சதவீத யூரியா கரைசல் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க மட்டும்தான், அதற்கென்று தனி டேங்க் உள்ள வண்டியில். டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் பம்ப்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து போய்விடும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

தக்கலைத் தம்பி, மார்த்தாண்டம் வரை ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். நிற்கும் இடத்திலேயே ஆயிலை இறக்கி, ஃபில்டரோடு மாற்றுங்கள். சாம்பல் குறைந்த ஆயிலாக, கையேட்டில் சொன்ன தரத்திலேயே வாங்குங்கள். கரியை எரிக்கலாம், ஆயிலின் சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியிலேயே தங்கிவிடும். பிறகு தெர்மோஸ்டாட் போடுங்கள், ஒரிஜினலே போடுங்கள். அதன் விலை பெரிதில்லை. ஸ்கேனரில் கூலண்ட் 80 டிகிரியைத் தாண்டுகிறதா என்று உறுதிசெய்த பிறகுதான் எரிப்பை வலிந்து தொடங்க வேண்டும். முட்டத்து அண்ணன் சொன்ன அழுத்த சென்சாரையும் அதன் இரண்டு ஹோஸ்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள். வெடித்த ஹோஸ் இருந்தால் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும்.

எரிப்பு நடக்கும்போது சைலன்சர் வாய் அடுப்பு போலக் கொதிக்கும். தென்னோலை, சருகு, காய்ந்த புல் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மூடிய கொட்டகைக்குள் செய்யவே கூடாது.

தக்கலை வேன்காரன் (ஒன்பது நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், இதே வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

ஆயிலை வீட்டு வாசலிலேயே இறக்கினோம். ஊற்றியதைவிட ஒரு லிட்டருக்குமேல் கூடுதலாக வந்தது. புதிய தெர்மோஸ்டாட் போட்டபின் முள் நடுவில் வந்து அசையாமல் நின்றது. இந்த ஒரு வருடத்தில் அதை அந்த இடத்தில் நான் பார்த்ததே இல்லை. ஸ்கேனரில் 86 டிகிரி காட்டியது. அதற்கு முன் அளந்தபோது 61. அழுத்த சென்சாரின் ஒரு ஹோஸில் நுனி வெடிப்பு இருந்தது, வெட்டி மாட்டினோம். டர்போ தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்தார்கள், ஆட்டம் இல்லை.

எரிப்புக்கு வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, அடியில் கிடந்த சருகைப் பெருக்கித் தள்ளி, தரையில் தண்ணீர் தெளித்தோம். முப்பத்தைந்து நிமிடம் ஆனது. இரும்பு பழுக்கும் வாடை வந்தது, வெளிவரும் காற்றில் மூன்றடி தள்ளிக் கை நீட்ட முடியவில்லை. முடிந்ததும் இரண்டு விளக்கும் அணைந்தன. மறுநாள் குமாரகோவில் ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறியது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். நெடுஞ்சாலையில் ஒருமுறை விரட்டினால் வடிகட்டி சுத்தமாகும் என்கிறார்கள். என் வண்டியில் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதே, எப்படி விரட்டுவது?

மார்த்தாண்டம் பட்டறை:

வேகம் வேண்டாம், சுமையும் சுற்றும் போதும். பத்து நாளைக்கு ஒருமுறையாவது, ஞாயிறு காலை, ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு போய், நான்கு வழிச்சாலையில் நாங்குநேரி பக்கம் அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஒரு கியர் குறைத்து 2,000 சுற்றுக்குமேல் விடாமல் வைத்தால் கட்டுப்பாட்டு வேகத்திலேயே புகை நன்றாகச் சூடாகும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்காற்று இருந்தால் அதுவும் நல்லதுதான், என்ஜினுக்குச் சுமை கிடைக்கும். நடுவில் டீக்கடையைப் பார்த்து அணைத்துவிடாதீர்கள்.

திங்கட்கிழமைதோறும் காலையில் வண்டியை எடுக்கும் முன், சமதளத்தில் நிறுத்தி, கம்பியைத் துடைத்துவிட்டு அளவு பாருங்கள். ஒரு நூல் ஏறினாலும் எனக்கு எழுதுங்கள்.

தக்கலை வேன்காரன்:

இன்று பார்த்தேன் அண்ணன். மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழேயே நிற்கிறது. கம்பியில் டீசல் வாடை இல்லை.