ஒகாடா–ஒமேகா மேட்ச்சுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? நியூ ஜப்பான் பாணி அந்த அளவுக்கு உசத்தியா?

மூணு_கவுண்ட்:

டபிள்யூடபிள்யூஇ மட்டுமே பார்த்துப் பழகினவன் கேட்கிற கேள்வி, அடிக்க வராதீங்க.

நியூ ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங்ங்கிற ஜப்பான் மல்யுத்தக் கம்பெனி, 2017 ஜனவரி 4, டோக்கியோ டோம். கசுச்சிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும். 46 நிமிடம் 45 விநாடி. மல்யுத்த விமர்சகர் டேவ் மெல்ட்சர் ஐந்துக்கு ஆறு நட்சத்திரம் கொடுத்த மேட்ச். ஆனா முதல் 15 நிமிடம் கையை முறுக்குறதும் தலையைப் பூட்டுறதும் கயிற்றுக்கு ஓடுறதும்தான். கூட்டமும் பெரிசா கத்தலை. கடைசி 15 நிமிடம் மட்டும் அசுரத்தனம், ஒத்துக்கிறேன்.

மூணு சந்தேகம். ஒண்ணு, அந்த மெதுவான ஆரம்பம் வேணும்னே செய்றதா? ரெண்டு, ரெஃப்ரி ஏன் எல்லாத்தையும் கண்டும் காணாம விடுறார், வெளியே விழுந்தா 20 வரை எண்ணுறார்? மூணு, இப்போ ரெண்டு பேருமே அமெரிக்காவோட ஏஇடபிள்யூ கம்பெனியில். இனி நியூ ஜப்பான்ல பார்க்க என்ன இருக்கு?

ரோப்பிரேக்:

முதல் 15 நிமிடத்தைத் தனியா எடுத்துப் பார்த்தா சப்புன்னுதான் இருக்கும். அது கடைசி 15 நிமிடத்துக்குப் போடுற முதலீடு.

இந்த மேட்ச்ல கண் வைக்க வேண்டிய இடம் ஒகாடாவோட கை. அவரோட ஃபினிஷர், அதாவது மேட்ச்சை முடிக்கிற நகர்வு, ரெயின்மேக்கர். எதிராளியைப் பின்னால இருந்து கட்டி, மணிக்கட்டைப் பிடிச்சு, வெளியே சுழற்றி விட்டு, அதே மணிக்கட்டைச் சுண்டி இழுத்து இன்னொரு கையால கழுத்தில் ஒரு லேரியட், அதாவது நீட்டின கையால ஒரு வீச்சு. எதிராளி தப்பிக்கிற வழி எல்லாமே அந்தச் சுழற்சிக்கும் இழுப்புக்கும் நடுவுல இருக்கிற அரை விநாடிதான். குனியலாம், கையை உதறலாம், இல்லைன்னா ஒமேகா மாதிரி இழுக்கிற வேகத்தையே வாங்கி முழங்காலை முகத்துல வைக்கலாம். அந்த முழங்காலுக்குத்தான் வி-ட்ரிக்கர்னு பேர். அடி விழுந்த பிறகும் ஒகாடா மணிக்கட்டை விடாம வெச்சிருந்தா அடுத்த ரெயின்மேக்கர் வரப்போகுதுன்னு அர்த்தம். கூட்டம் அந்தப் பிடியைப் பார்த்துத்தான் எழுந்திருக்கும். ஆரம்பத்துல நடக்கிற கை முறுக்கல் எல்லாம் "இந்த மேட்ச்ல மணிக்கட்டுதான் விஷயம்"னு கண்ணைப் பழக்குறது.

அடுத்தது ஒமேகாவோட ஒன்-விங்டு ஏஞ்சல். தோள்ல தூக்கி உட்கார வெச்சு, தலை கீழா வர்ற மாதிரி இறக்குறது. அந்த ஜனவரி மேட்ச் முழுக்க அவரால அதைப் போடவே முடியலை, போட வரும்போதெல்லாம் ஒகாடா நழுவிடுவார். 2017 ஜூன் 11, ஒசாகாவில் ரெண்டாவது மேட்ச்: போட்டாச்சு, ஆனா ஒகாடாவோட கால் கயிற்றில் பட்டுடுச்சு, எண்ணிக்கை நின்னது. 60 நிமிடம் முடிஞ்சு டிரா. ஆகஸ்ட்ல ஜி1ங்கிற வருடாந்திரக் கோடை லீக்ல மூணாவது: போட்டார், ஒன்று, இரண்டு, மூன்று, முடிஞ்சது. 2018 ஜூன் 9 அன்னிக்கு மூணுல ரெண்டு ஃபால் ஜெயிக்கணும்கிற விதியில், ஒரு மணி நேரத்தையும் தாண்டிப் போன மேட்ச்ல, அதே நகர்வால ஒகாடாவோட 720 நாள் பெல்ட் ஓட்டத்தை முடிச்சார். ஒரே ஒரு ஃபினிஷரை ஒன்றரை வருஷம் பொத்திப் பொத்தி வெச்சிருக்காங்க. வாரா வாரம் டிவியில் ஃபினிஷர் வாங்கியும் மூணு எண்ணுறதுக்குள்ள கிக்-அவுட் ஆகித் தப்பிக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இதோட மதிப்பு சட்டுனு பிடிபடாது.

20 எண்ணிக்கை விஷயம்: அமெரிக்காவில் பெரும்பாலும் 10. இங்கே 20 இருக்கிறதால வெளியே நடக்கிற சண்டைக்கு இடம் கிடைக்கும். அடி வாங்கினவர் 17, 18 வரை தரையிலேயே கிடந்து, 19க்கு உருண்டு உள்ளே வர்றதே ஒரு தனிக் காட்சி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நேரம் அறிவிப்பாங்க, அதையும் காதுல வாங்குங்க. 30 நிமிட வரம்பு இருக்கிற லீக் மேட்ச்ல 25 நிமிட அறிவிப்பு வந்தா மீதி ஐந்துதான், அங்கே டிரா பயம் ஆரம்பிக்கும்.

கூட்டம் அமைதியா இருக்குன்னா ஈடுபாடு இல்லைன்னு இல்ல. பிடி மாறும்போது ஒரு முணுமுணுப்பு, நல்ல நழுவலுக்குக் கைதட்டு. 2020 நடுவுல இருந்து 2022 வரைக்குமான மேட்ச் எடுத்தீங்கன்னா கதையே வேற. கொரோனா விதிப்படி கத்தவே கூடாது, கைதட்டும் கால் தட்டும்தான். முதல் தடவை பார்க்கிறவங்க அந்தக் காலத்து மேட்ச்ல ஆரம்பிக்காதீங்க.

கீழ்ப்பக்கக்_கயிறு:

ரோப்பிரேக் அண்ணே சொன்னது அத்தனையும் சரி, அந்த நாலு மேட்ச்சுக்கு. அதை வெச்சு மொத்தக் கம்பெனியையும் எடை போடக் கூடாது.

2017க்கு அப்புறம் என்ன ஆச்சு? நட்சத்திரம் வாங்கணும்னா 35 நிமிடம் தாண்டணும்கிற மாதிரி மெயின் ஈவென்ட் எல்லாம் நீண்டுடுச்சு. முதல் பத்து நிமிடம் முழங்காலை முறுக்குவாங்க, இருபதாவது நிமிடம் அதே ஆள் அதே காலோட டாப் ரோப்ல ஏறிக் குதிப்பார். நொண்டக்கூட மாட்டார். முதலீடுன்னு சொன்னீங்களே, அசலே திரும்பி வராத முதலீடு அது. ஒரு உறுப்பைக் குறி வெச்சா கடைசி வரைக்கும் அது வலிக்கணும். வலிக்காதுன்னா அதைத் தொடவே கூடாது. இந்த விஷயத்துல தனஹாஷியோட பழைய மேட்ச் எல்லாம் பாடம்: டிராகன் ஸ்க்ரூவால காலைத் திருகித் திருகி, கடைசியில எதிராளி எழுந்து ஓட முடியாம படுத்திருக்கும்போதுதான் மேல் கயிற்றிலிருந்து பாயுற ஹை ஃப்ளை ஃப்ளோ. காலைத் திருகினதுக்குக் காரணம் இருக்கும்.

அப்புறம் ஈவிலோட அழுகுணி ஆட்டக் குழு, ஹவுஸ் ஆஃப் டார்ச்சர். 2020 ஜூலையில் ஈவில் நியூ ஜப்பான் கப் ஜெயிச்சு, மறுநாளே நைட்டோகிட்ட இருந்து ரெண்டு பெல்ட்டையும் எடுத்ததுல ஆரம்பிச்ச வியாதி. மெயின் ஈவென்ட் சூத்திரம் மனப்பாடம்: மேட்ச் தொடங்கினதும் ஈவில் ரிங் மூலையில் இருக்கிற டர்ன்பக்கிள் உறையைக் கழற்றுவார், ரிங் அறிவிப்பாளர் மேலேயே எதிராளியைத் தள்ளுவார், எதிராளி கழுத்துல ஒரு நாற்காலியை மாட்டி இன்னொரு நாற்காலியால அடிப்பார், ரெஃப்ரி சரியா அந்த நேரம் கீழே விழுவார், அவர் குழு ஆள் டிக் டோகோ கழுத்தை நெரிக்கிற கயிற்றோட வருவார், ஷோ ஸ்பேனரோட வருவார். ஒரு தடவை பார்த்தா கோபம் வரும், அது ஹீலோட, அதாவது வில்லனோட வேலை. பத்தாவது தடவை ஹீல் மேல வர வேண்டிய கோபம் புக்கிங் மேல, அதாவது கதையை முடிவு பண்றவங்க மேல வருது. "விளையாட்டு மாதிரி நடத்துறோம்"னு பேர் வாங்கின இடத்துல ரெஃப்ரி தினமும் மயங்கி விழுந்தா அந்தப் பேர் எதுக்கு?

2023 ஜி1ல 32 பேர், நாலு பிரிவு, மேட்ச்சுக்கு 20 நிமிட வரம்புன்னு பண்ணினாங்க. வரம்பைக் குறைச்சது எனக்குப் பிடிச்சது, ஆள் கூட்டினது பிடிக்கலை. அடுத்த வருஷமே 20 பேருக்குத் திரும்பினாங்க.

கன்வாஸ்:

அடிகளைப் பத்தி யாரும் சொல்லலை, நியூ ஜப்பான் பாணியைச் சொல்ற "ஸ்ட்ராங் ஸ்டைல்" பேச்சே அங்கேதான் வருது.

இனோகி 1972இல் இந்தக் கம்பெனியைத் தொடங்கினபோது இருந்த கொள்கை, இது நிஜச் சண்டை மாதிரி தெரியணும்கிறது. அவர் பிடி வித்தையில பேர் போன மல்யுத்த வீரர் கார்ல் காட்ச்கிட்ட பழகினவர், அதனால பூட்டுப் பிடியும், தூக்கிப் பின்பக்கமா வீசுற சூப்ளெக்ஸும் அடிப்படை. 1976இல் முகமது அலியோட 15 ரவுண்டு நின்னதும் இதே கொள்கையில்தான், ரசிகர்களுக்கு அது சலிப்புதான் என்றாலும். உதையும் முழங்கை அடியும் பின்னாடி வந்த தலைமுறைகள்ல கனமாச்சு. ஹஷிமோட்டோவோட உதை ஒண்ணு போதும்.

முழங்கை அடின்னு நாம சொல்றதுல முழங்கை முனை படாது. முன்கையோட சதைப் பகுதி தாடைக்கும் கழுத்துக்கும் நடுவுல விழும். சாப்ங்கிறது விரிச்ச கையால மேல்மார்புல விடுற அடி, அது நிஜமாவே வலிக்கும், சத்தமும் நிஜம், அஞ்சு நிமிடத்துல தோல் சிவந்துடும். சூப்ளெக்ஸ் வாங்குறவர் தாடையை நெஞ்சோட ஒட்டி, மேல்முதுகால விழணும். தாடை விலகினாலோ, தூக்கினவர் இடுப்புச் சுழற்சி குறைஞ்சாலோ எடை கழுத்துல இறங்கும்.

எல்லை தாண்டினா என்ன ஆகும்ங்கிறதுக்கு ரெண்டு உதாரணம் போதும். 2017 ஏப்ரல் 9, ரியோகோகு, ஷிபாட்டா ஒகாடாவோட நெற்றியில் கை எதுவும் குறுக்கே வைக்காம மண்டைக்கு மண்டை இடிச்சார். மேட்ச் முடிஞ்சு உள்ளே போனதும் சுருண்டு விழுந்தார், மூளை உறைக்கடியில் ரத்தக் கசிவு, அறுவை சிகிச்சை. முழு மேட்ச்சுக்குத் திரும்ப 2022 ஜனவரி ஆச்சு. 2018 ஜூலை, சான் ஃபிரான்சிஸ்கோ: டிராகன் லீ போட்ட பீனிக்ஸ்-ப்ளெக்ஸ்ங்கிற நகர்வுல ஹிரோமு தகாஹாஷி நேரா கழுத்துல இறங்கினார். 2019 டிசம்பர் வரைக்கும் ஒரு மேட்ச்கூட ஆடலை. "நிஜமா அடிக்கிறாங்க"னு புல்லரிக்கிறவங்க இதையும் சேர்த்துக் கணக்குல வைக்கணும். பாணி அழகுதான், தலையால இடிக்கிறது அதுல சேராது.

மூணு_கவுண்ட்:

நன்றி மக்களே. ஒன்-விங்டு ஏஞ்சல் விஷயம் தெரிஞ்சு ஆகஸ்ட் மேட்ச்சைப் பார்த்தேன், இது வேற லெவல். 24 நிமிடம்தான், ஒரு இடத்துலகூட முன்னாடி ஓட்டத் தோணலை. ஆனா மூணாவது கேள்விக்கு இன்னும் பதில் வரலையே?

சிங்கக்குட்டி:

அது என் பங்கு.

முதல்ல ஒரு விஷயம்: ஆள் போறது இந்தக் கம்பெனிக்குப் புதுசு இல்ல. 2016 ஜனவரியில் நகமுராவும் ஏஜே ஸ்டைல்ஸும் ஒரே நேரத்துல டபிள்யூடபிள்யூஇ போனாங்க, அடுத்த வருஷமே நீங்க பார்த்த மேட்ச் வந்தது. 2019இல் ஒமேகாவும் யங் பக்ஸும் போய் ஏஇடபிள்யூ பிறந்தது. 2024இல் ஒகாடாவும் ஆஸ்ப்ரேவும் போனது அதைவிடப் பெரிய ஓட்டை, மறைக்க வேண்டியதில்லை.

ஆனா இந்த இடத்தோட ஈர்ப்பு தனி மேட்ச்ல மட்டும் இல்ல, ஒருத்தரோட மொத்த வாழ்க்கையையும் கூடவே இருந்து பார்க்கிறதுல இருக்கு. புதுசா வர்றவன், "இளம் சிங்கம்"னு சொல்வாங்க, கறுப்பு டிரங்க், கறுப்பு பூட், எந்த அலங்காரமும் இல்லாம முதல் மேட்ச்ல இறங்குவான். அவனுக்கு நகர்வுகள் மிகக் குறைவு: பூட்டு, ட்ராப்கிக், சாப், முடிவுக்கு காலைப் பிடிச்சு முதுகை வளைக்கிற பாஸ்டன் கிராப். பெரும்பாலும் தோற்பான். அப்புறம் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு வேற முடி, வேற உடை, வேற பேரோடகூட திரும்புவான். 2012இல் ஒகாடா திரும்பி வந்தப்போ ஜனவரியில் யாரும் மதிக்கலை, பிப்ரவரியில் ஒசாகாவில் தனஹாஷிகிட்ட இருந்து பெல்ட்டை எடுத்துட்டார்.

மறுபக்கம் ஹிரோகி கோட்டோ. 2003இல் அறிமுகம். பெரிய பெல்ட்டுக்குப் பல தடவை மோதி ஒவ்வொரு தடவையும் தோத்தவர், கிண்டலே ஆயிட்டார். 2025 பிப்ரவரி 11, ஒசாகா, ஸாக் சேபர் ஜூனியரைத் தோற்கடிச்சு ஜெயிச்சார். அந்த மேட்ச்ல கூட்டம் கத்தினது 20 வருஷத்துத் தோல்விக்காக. இதை வேற எந்தக் கம்பெனியும் அவசரத்துல செஞ்சுட முடியாது.

ஜி1 பார்க்கிற முறை: 20 பேர், ரெண்டு பிரிவு, ஒவ்வொருத்தருக்கும் ஒன்பது லீக் மேட்ச். வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. புள்ளி சமமானா நேருக்கு நேர் ஜெயிச்சவர் மேல. பெல்ட் வெச்சிருக்கிறவரும் ஆடுவார், ரெண்டு மூணு பேர்கிட்ட தோற்பார். அந்த ரெண்டு மூணு பேர்தான் அடுத்த ஆறு மாசத்துக்கு அவரை எதிர்க்கப் போறவங்க. அதனால சாம்பியன் தோக்கிற மேட்ச்சைக் குறிச்சு வெச்சுக்குங்க. 2025 ஜி1ஐ டகேஷிட்டா ஜெயிச்சார், அவர் டிடிடிங்கிற இன்னொரு ஜப்பான் கம்பெனி, ஏஇடபிள்யூ, நியூ ஜப்பான் மூணுக்கும் ஆடுறவர். இப்போ கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்கு.

சுற்றுப்பயண நாள்கள்ல எல்லாத்தையும் பார்க்க உட்காராதீங்க, அலுத்துடும். கோரகுவென் ஹால் மாதிரி சின்ன அரங்குல நடக்கிற ஆறு பேர் டேக் மேட்ச் எல்லாம் வரப்போற பெல்ட் மேட்ச்சுக்கு முன்னோட்டம். முதல் மேட்ச்ல இளம் சிங்கம் இருந்தா அதைப் பாருங்க, அப்புறம் கடைசி மேட்ச், அதோட முடிவுல மைக் பேச்சு. சவால் விடுறது அங்கேயும் பின்னாடி பத்திரிகையாளர் முன்னாடியும்தான் நடக்கும், ரிங் நடுவுல இருபது நிமிடப் பேச்சு இங்கே கிடையாது. டோக்கியோவில் மாலை 6.30க்குத் தொடங்கினா நமக்கு மதியம் 3.

அடுத்துப் பார்க்க: 2013 ஆகஸ்ட் 4 ஒசாகாவில் ஷிபாட்டா–இஷீ, சுமார் 12 நிமிடம்தான், கன்வாஸ் சொன்ன அடிகளுக்கு. 2019 ஜூன் 5 ஆஸ்ப்ரே–தகாகி, 100 கிலோவுக்குக் கீழே இருக்கிறவங்களோட லீக் இறுதிப் போட்டி, வேகத்துக்கு. 2015 ஜனவரியில் தனஹாஷி–ஒகாடா பார்த்துட்டு உடனே 2016 ஜனவரி மேட்ச். முதலாவதுல ஒகாடா அழுதுகிட்டே வெளியே போவார், அதைத் தவற விடாதீங்க.

(கொசுறு: நாம கிரேட் காலின்னு பார்த்தவர் அதுக்கு முன்னாடி, 2001 வாக்குல, ஜெயண்ட் சிங்ங்கிற பேர்ல இங்கேதான் ஆடினார். அதைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம்.)

கீழ்ப்பக்கக்_கயிறு:

கோட்டோ மேட்ச் விஷயத்துல கைதூக்கிட்டேன், அதுக்கு எதிர்வாதம் இல்ல. ஆனா பட்டியல்ல ஷிபாட்டா–இஷீயை முதல்ல போட்டீங்க பாருங்க, அதுதான் நான் சொல்றது. 12 நிமிடம், ஒரு நிமிடம்கூட வீண் இல்ல.

மூணு_கவுண்ட், 60 நிமிட டிராவை மட்டும் கடைசியா வெச்சுக்குங்க. ஜனவரி, ஆகஸ்ட், 2018 ஜூன், அப்புறம் அது. வரிசை தப்புன்னு ரோப்பிரேக் சண்டைக்கு வருவார்.

ரோப்பிரேக்:

வரத்தான் செய்வேன். ஜனவரிக்கு அடுத்து டிராதான். கால் கயிற்றில் பட்டதைப் பார்க்காம ஆகஸ்ட் முடிவைப் பார்த்தா பாதி சுவை போச்சு. நேரம் இல்லைன்னா டிராவோட கடைசி 25 நிமிடத்தை மட்டுமாவது பார்த்துட்டு ஆகஸ்டை இன்னொரு தடவை போடுங்க.