கண்மாய்க்குப் பணம் அனுப்புவதற்கு முன்னால்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

பெரிய கண்மாயைத் தூர்வாரலாம் என்று மஸ்கட் தம்பி நம் ஊர்ச் சங்கத்துக்குப் போட்ட மடலையும் அதற்கு மளமளவென்று வந்த பதில்களையும் படித்தேன். ஆளுக்கொரு தொகை எழுதிவிட்டீர்கள், சந்தோஷம். "மண்ணை நானே எடுத்துக்கிறேன், வாடகையில் பாதி கொடுத்தால் போதும்" என்று ஒரு ஜேசிபிகாரர் சொன்னதாகவும் தம்பி எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். யூனியன் ஆபீசில், அதாவது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில், ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவன் சொல்கிறேன்: இப்போதைக்கு யாருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

முதலில் கண்மாய் யாருடையது? நம் ஊரில் தண்ணீர் நிற்கிற இடம் மூன்று, மூன்றுக்கும் வேறு வேறு எசமான். பெரிய கண்மாய்க்கு ஆயக்கட்டு, அதாவது அதில் பாய்கிற நிலம், நூறு ஏக்கருக்கு மேல், அதாவது 40 ஹெக்டேருக்கு மேல். அதனால் அது அந்தக் காலத்தில் இருந்தே பொதுப்பணித்துறை, இப்போது நீர்வளத்துறை. சின்னக் கண்மாய் அந்த அளவுக்குக் கீழே, அது ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஊருணி மட்டும்தான் நம் கிராம ஊராட்சிக்கு. தமிழ்நாடு முழுக்க உள்ள சுமார் 39,000 ஏரி கண்மாய்களில் ஏறக்குறைய 14,000 நீர்வளத்துறையிடம் இருக்கின்றன. மீதியில் பெரும்பாலானவை யூனியன்களிடம். நம்முடையது சிவகங்கை ஜமீன் பூமி. 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் ஜமீன் போனது, கண்மாய்கள் சர்க்காருக்கு வந்தன, சின்னவை பிறகு யூனியன் தலையில் விழுந்தன. கண்மாயில் மண்வெட்டி வைக்கிற உரிமையை ஊருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடமை மட்டும் ரொம்ப நாளாகவே ஊருக்கு இருந்தது. மதராஸ் மாகாணத்தில் 1858ஆம் ஆண்டுச் சட்டம், வழக்கப்படி குடிமராமத்துக்கு, அதாவது ஊரே சேர்ந்து கண்மாயைச் செப்பனிடுகிற வேலைக்கு, வராத குடியானவனிடம் உழைப்புக்கு ஈடாகப் பணம் வசூலிக்கச் சொன்னது!

இப்போதைய நிலைமையும் பெரிதாக மாறவில்லை என்பது என் வாதம். 73ஆவது திருத்தத்தின்படி அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு 29 இனங்கள் எழுதியிருக்கிறது. சிறுபாசனம், நீர் மேலாண்மை, குடிநீர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்த அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டுக் கொடுத்தால்தான் வரும். 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, ஊருக்குள் ரோடு, சாக்கடை, குப்பை இவை ஊராட்சிக்கு. கண்மாய் புறம்போக்கு வருவாய்த்துறைக்கு, மண்ணும் கல்லும் கனிமவளத்துறைக்கு, கண்மாய்க்குள் நிற்கிற கருவேலத்துக்கு விலை போடுவது வனத்துறை. மீன்பாசிக் குத்தகையில் கொஞ்சம் காசு வரும். முழுசாக ஊராட்சிக்கே சொந்தம் என்று யாரும் போட்டிக்கு வராதது குப்பை ஒன்றுதான்.

சரி, மண் விஷயத்துக்கு வருகிறேன். கண்மாய் மண் சும்மா கிடக்கிற மண் இல்லை, சட்டப்படி அது சிறுகனிமம். 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள்தான் இதற்கு. விவசாயி தன் வயலுக்கு வண்டல் எடுக்கலாம், அதற்குக் காசு கிடையாது: நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர். மண்பாண்டத் தொழிலாளிக்கு 60 கனமீட்டர். முன்பெல்லாம் இதற்குக் கலெக்டர் ஆபீஸ்வரை அலைய வேண்டும். 2024இல் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று மாற்றிவிட்டார்கள், அது நல்ல காரியம். ஆனால் ஜேசிபிகாரர் "நானே எடுத்துக்கிறேன்" என்று சொல்கிற மண் எந்த வயலுக்கும் போகாது. செங்கல் சூளைக்கோ ரோடு வேலைக்கோ பிளாட் மேடு கட்டவோ போகும். அனுமதிச்சீட்டு இல்லாமல் அப்படி ஏற்றினால் 1957ஆம் ஆண்டு மத்தியக் கனிமச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறை, வண்டியும் பறிமுதல். வண்டி அவருடையது, உண்மைதான். முகப்பில் கட்டியிருக்கிற பேனர் நம் சங்கத்துடையதாக இருக்கும். சவுடு, அதாவது மேடு நிரப்புகிற சாதா மண், என்று பெயர் போட்டு அனுமதி வாங்கிக்கொண்டு ஆற்று மணல் அள்ளிய கதையெல்லாம் நடந்து, 2021இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மண்ணில் என்ன கனிமம் இருக்கிறது என்று பரிசோதிக்காமல் அந்தப் பெயரில் குத்தகை கொடுக்கக் கூடாது என்று தடுத்தது. அதன் பிறகு அதிகாரிகள் எல்லோருமே பயந்துதான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

சட்டத்தை விட்டுவிடுங்கள், வேலையாகப் பார்த்தாலும் அது தப்பு. மண்ணுக்காகத் தோண்டுகிறவன் நல்ல மண் இருக்கிற இடத்தில், வண்டி ஏறி இறங்கத் தோதாக, கரையை ஒட்டித் தோண்டுவான். பக்கத்து யூனியனில் ஒரு கண்மாயில் அப்படித் தோண்டியதை நான் போய்ப் பார்த்தேன். மடைக்கு எதிரே இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி. மடையின் வாய் மேலே இருக்கிறது, தண்ணீர் கீழே கிடக்கிறது. மழை பெய்து குழி நிறைந்து, அதற்கு மேலும் பெய்தால்தான் மடை வழியாக வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் போகும். அந்த வருஷம் ஆயக்கட்டுக்காரர்கள் டீசல் இன்ஜின் வைத்துக் குழியில் இருந்து இறைத்தார்கள். ஐப்பசி மழையில் கரையின் உள்பக்கம் பாளம் பாளமாகச் சரிந்து குழிக்குள் விழுந்தது. ஊர்க்காரர்கள் ராத்திரி முழுக்க மணல் மூட்டை அடுக்கியதால் கரை பிழைத்தது. எஸ்டிமேட் போட்டுச் செய்கிற வேலையில் முதலில் மடையின் மட்டத்தைக் குறிப்போம், அதற்குக் கீழே வெட்டுவதில்லை, கரை அடியில் இருந்து இத்தனை மீட்டர் தள்ளி என்று கோடு போடுவோம். உண்மையில் நம் கண்மாய்க்குத் தேவை ஆழமே இல்லை. அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால்தான் அடைபட்டுக் கிடக்கிறது.

அந்த வரத்துக்கால்தான் எல்லோரும் பேசாமல் விடுகிற விஷயம். மேற்கே இருந்து வருகிற கால் இப்போது எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும். அதன் மேல் மாட்டுக்கொட்டம், தென்னம்பிள்ளை, நம் சொந்தக்காரர் ஒருவரின் சுற்றுச்சுவர். பெரிய கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருவதால் அது 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தில் வரும். அந்தச் சட்டத்தில் ஏரி என்பதற்குள்ளேயே அதற்கு வருகிற, அதிலிருந்து போகிற கால்களும் அடக்கம். அளந்து, எல்லையை அறிவித்து, நோட்டீஸ் கொடுத்து, பிறகு அகற்றலாம். ஆனால் அந்தச் சட்டம் பொதுப்பணித்துறை ஏரிகளுக்கு மட்டும்தான். சின்னக் கண்மாய்க்கும் ஊருணிக்கும் அதே பாதுகாப்பு கிடையாது. அங்கே 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைத்தான் தூக்கிக்கொண்டு தாசில்தாரிடம் போக வேண்டும். ஒரே ஊர், ஒரே மழை, ஒன்றுக்கு 2007, இன்னொன்றுக்கு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்! பட்டாவைக் காட்டுகிறார்கள் என்று பயப்படவும் வேண்டாம். எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கிற யூ.டி.ஆர். வேலை நடந்தபோது வாய்க்கால் சிலது பட்டாவில் ஏறிப்போனது ஊர் ஊருக்கு உண்டு. 2001இல் உச்ச நீதிமன்றமும் 2005இல் சென்னை உயர்நீதிமன்றமும் நீர்நிலைப் புறம்போக்கைக் காக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. நில விவரம் உள்ள அ பதிவேட்டையும் எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடத்தையும் அரசின் இணையச் சேவையில் உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்க்கலாம். சிங்கப்பூர் மாப்பிள்ளை கணினியில் கெட்டிக்காரர், அவர் இதை எடுத்து எனக்கு அனுப்பினால் பழைய வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

தண்ணீர் கம்பெனி போர்வெல் போட்டிருப்பதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 2003இல் சென்னைப் பகுதி நீங்கலாக மாநிலம் முழுமைக்கும் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று போட்டார்கள். நடைமுறைக்கு வராமலே கிடந்து 2013இல் ரத்தாகிவிட்டது. சென்னைக்கு மட்டும் 1987 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. நம் பக்கத்தில் 2014ஆம் ஆண்டு அரசாணைதான். பிர்க்கா (வருவாய் உள்வட்டம்) வாரியாக நீர்மட்டத்தைப் பார்த்து நீர்வளத்துறை அனுமதி கொடுக்கும் அல்லது மறுக்கும். ஊராட்சியைக் கேட்டுக் கொடுப்பதில்லை. அனுமதி வாங்கினார்களா என்று பத்து ரூபாய் தகவல் உரிமை மனுவில் கேட்கலாம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் யாராவது போடுங்கள், குடியுரிமை மாறியவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

ஊருணிக்கு வருகிறேன். அதன் படத்தைப் பார்த்தேன், மனசு சங்கடமாகிவிட்டது. வடகரையில் கல்யாண மண்டபத்து இலையும் தெர்மாகோல் தட்டும் கறிக்கடை இறகும். இந்தத் தட்டுகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை என்பது மண்டபக்காரருக்கும் தெரியும். 2016ஆம் ஆண்டு மத்திய அரசின் திடக்கழிவு விதிகள் நகரத்தை மனதில் வைத்து எழுதியவை. அதே வருஷத்துப் பிளாஸ்டிக் விதிகள்தான் கிராம ஊராட்சிக்கும் பொறுப்பு என்று சொல்லின. பொறுப்பு வந்தது, குப்பை வண்டியும் தூய்மைக் காவலரும் வந்தார்கள், கொட்ட இடம் மட்டும் வரவில்லை. கடைசியில் பிரித்தெடுக்காத குப்பை எங்கே போகிறது? ஊருணிக்கரைக்குத்தான். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களில் கேரள ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி அதைத் திரும்ப லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் அல்லவா, அதன் பிறகு 2025இல் குண்டர் சட்டத்தையே திருத்தி மருத்துவக் கழிவு கொட்டுகிறவர்களையும் அதில் சேர்த்தார்கள். தடுப்புக்காவல் சட்டத்தைக் குப்பைக்கும் நீட்டுவது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. எல்லையில் லாரியை நிறுத்திப் பார்க்க ஆள் போட்டிருந்தாலே போதும். நம் ஊர் மண்டபக்காரருக்கு அதெல்லாம் தேவையில்லை, ஊராட்சி அபராதம் போட்டு ரசீது கொடுத்தாலே அடங்கிவிடுவார்.

பணத்துக்கு என்ன வழி என்றால், நமக்கு நாமே திட்டம். 1997இல் ஆரம்பித்தது, நடுவில் வேறு பெயரில் ஓடியது, 2021இல் மறுபடியும் அதே பெயரில் வந்தது. எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்கை நாம் கட்டினால் மீதியை அரசு போடும். ஊருணிக்கு ஒன்பது லட்சம் எஸ்டிமேட் என்று வையுங்கள், நாம் மூன்று லட்சம் கொடுத்தால் போதும். பாதியோ அதற்கு மேலோ நாம் கொடுத்தால் வேலையை நாமே, அல்லது நாம் சொல்கிற ஆளே செய்யலாம். கமிஷனுக்குப் பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். தொகை கலெக்டர் வழியாகப் போகும், வேலையை எம்-புக் என்கிற அளவைப் புத்தகத்தில் அளந்து எழுதித்தான் பில் போடுவார்கள். ஜேசிபிகாரர் கையில் கொடுக்கிற பணத்துக்கு எந்த எம்-புக்கும் கிடையாது. அதனால் என் யோசனை இதுதான்: பெரிய கண்மாயை இந்த வருஷம் தொட வேண்டாம், அதற்கு நீர்வளத்துறைக்கு மனு மட்டும் போடுவோம். நம் காசு ஊருணிக்கும் சின்னக் கண்மாய் வரத்துக்காலுக்கும் போகட்டும்.

நியூஜெர்சி அக்காவுக்கும் குடியுரிமை மாறிய மற்றவர்களுக்கும் தனியாக ஒன்று. இந்திய பாஸ்போர்ட்டில் இருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாகச் சங்கக் கணக்கில் போடலாம். வேறு நாட்டுக் குடியுரிமையோடு ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் போட்டால் அது வெளிநாட்டு நன்கொடை. நம் சங்கத்துக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லை, வாங்கினால் சங்கத்துக்கே வினை. தம்பி கணக்கில் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று யாரோ எழுதியதை நான் படிக்காத மாதிரியே வைத்துக்கொள்கிறேன். ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முறையான வழி இருந்தால் எழுதுகிறேன்.

கடைசியாகக் காலம். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது, நம் மாவட்டமும் அதில் ஒன்று. அதன் பிறகு பொறுப்பு தனி அலுவலரிடம் போனது, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.விடம். அவருக்கு எத்தனையோ ஊராட்சி, நாமாகப் போய் நின்றால்தான் நம் கோப்பு நகரும். ஆகஸ்ட் 15 கிராமசபையில் ஊருணி வேலைக்கும் வரத்துக்கால் அளவைக்கும் தீர்மானம் போட வேண்டும். அதை விட்டால் அடுத்தது அக்டோபர் 2, அதற்குள் மழை இறங்கிவிடும், ஜேசிபி உள்ளே போகாது. கிராமசபையில் பேசவும் கையெழுத்துப் போடவும் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் வேண்டும், நாம் இங்கிருந்து மடல் எழுதினால் கணக்கில் வராது. ஆடிக்கு ஊருக்குப் போகிறவர்கள், வீட்டில் அண்ணன் தம்பி மச்சான் யார் யாரை அன்று காலை பஞ்சாயத்து ஆபீசுக்கு அனுப்ப முடியும் என்று இந்த மடலுக்கே பதில் போடுங்கள். தீர்மான வாசகத்தை நான் எழுதி அனுப்புகிறேன்.