பயிற்சி விமான வாடகை: சொந்தமாக வாங்குவது மலிவாகுமா?

கேள்வி:
அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்காகப் பயின்று வருகிறேன். நான் ஓட்டும் செஸ்னா 172 விமானம் 1978இல் செய்யப்பட்டது. இருக்கை உறை கிழிந்து பஞ்சு தெரிகிறது. அப்படியிருந்தும் மணிக்கு 140 டாலராக இருந்த வாடகை மூன்றே ஆண்டுகளில் 185 டாலராகிவிட்டது. சொந்தமாக ஒன்றை வாங்கிவிடலாமா?

மறுமொழி 1:
பழையது என்பதால் விலை குறையாது, நண்பரே. இழப்பீட்டு வழக்குகளின் சுமையால் 1986இல் இவ்வகை விமானங்களின் உற்பத்தியை நிறுத்திய செஸ்னா, 18 ஆண்டுகள் கடந்த சிறு விமானங்களுக்கு உற்பத்தியாளரின் இழப்பீட்டுப் பொறுப்பை மட்டுப்படுத்திய 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியின் தட்டுப்பாடு இன்றும் தீரவில்லை.

மறுமொழி 2:
முதலில் எஞ்சின் பதிவேட்டைப் பாருங்கள். அந்த விமானத்தில் உள்ள லைகாமிங் நிறுவன எஞ்சினுக்கு 2000 மணி நேரம் ஓடியதும் முழுச் சீரமைப்பு பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கு 40,000 டாலர் என்று வைத்துக்கொண்டாலே, எரிபொருள் போக மணிக்கு 20 டாலர் ஒதுக்கவேண்டும். காப்பீடும் நிறுத்துமிட வாடகையும் பறக்காத மாதத்திலும் நிற்காது. நாங்கள் நால்வர் சேர்ந்து ஒன்றை வைத்திருக்கிறோம். ஆண்டுச் சோதனையில் சிலிண்டரில் வெடிப்பு தெரிந்தபோது, செலவைப் பகிர முடிந்ததால்தான் அதை விற்காமல் காப்பாற்றினோம். தனியாக வாங்காதீர்கள்; கூட்டாளிகளைத் தேடுங்கள்.