புதுப்பிப்பு: பிந்திப்போன கடைக் கணக்குகள், ஐந்து மாதங்களுக்குப் பின்

திருகோணமலையில் வலையும் நைலோன் கயிறும் விற்கும் என் சிறு கடையில் கடன் கொப்பி, பற்றுச்சீட்டுகள், தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கான கொடுப்பனவு எல்லாமே பிந்துவதாக மார்கழியில் எழுதியிருந்தேன். மாதக் கடைசிக்கு விடாமல் நாளாந்தம் சிறிது சிறிதாகச் செய்யும்படி பலர் சொன்னீர்கள்.

இரவில் கடையைப் பூட்டியபின் உட்கார்ந்து பார்த்தேன். கண் சொருகியதுதான் மிச்சம். ஆகவே காலையில் படகுகள் கரையேறி, கூட்டம் ஓய்ந்தபின், பதினொரு மணிக்கு இருபது நிமிடத்தைக் கடன் கொப்பிக்கென்றே ஒதுக்கினேன். முன்பு ‘சின்னண்ணை, கயிறு 2 கிலோ’ என்று எழுதிவிட்டு, எந்தச் சின்னண்ணை என்று மாதக் கடைசியில் விழிப்பேன், ஏனெனில் எங்கள் கரையில் மூன்று பேருக்கு அந்தப் பெயர். இப்போது படகின் பதிவிலக்கத்தையும் எழுதி, வாங்கியவரிடமே கையொப்பம் பெறுகிறேன். வாடைக்காற்றில் படகுகள் கரையில் நின்றபோது ஏறிய கடனில் பெரும்பகுதி, தர்க்கமின்றி, சித்திரைக்குள் வந்து சேர்ந்தது.

சம்பளத்தில் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதம், என் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு என் 3 வீதம் ஆகியவற்றை அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தலாம் என்றாலும், சம்பளம் கொடுக்கும் அன்றே கட்டிவிடுகிறேன். இரண்டு பேருக்கான கணக்குத்தானே, பத்து நிமிட வேலை. அதற்காகவா ஒருமுறை பிந்தியதற்கான மிகைக்கட்டணம் செலுத்தினேன் என்று வெட்கமாக இருக்கிறது.

சரக்கிருப்பு எண்ணுவது மட்டும் இன்னும் சரிவரவில்லை. தூண்டில் முட்களை எண்ணுவதா, நிறுப்பதா என்பதில் கடைத் தம்பிக்கும் எனக்கும் இன்றுவரை இழுபறிதான்.